வேலூரில் கிடந்த பிரிஸ்டல் கேசட்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பொங்கல் முடிந்த வாரம் ஞாயிறு இணைப்பில் கேசட் காலத்தைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷமாக, இரண்டாவது தடவை கொஞ்சம் கடுப்பாக. இளையராஜா பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்து நாலு நாள் காத்திருந்து பதிவு பண்ணி வாங்கியது, பென்சிலை விட்டுச் சுற்றியது, எல்லாம் சரி, நாங்கள் செய்ததுதான். ஆங்கிலப் பாட்டு என்று வந்ததும் கட்டுரையாளர் போனி எம், மைக்கேல் ஜாக்சன் என்று இரண்டு பேரைச் சொல்லிவிட்டு, வேறெதுவும் நம் ஊர்ப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிட்டார். எட்டிப் பார்த்தது சார். வேலூருக்கே வந்து, நான் வேலை பார்த்த கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீயும் குடித்துவிட்டுப் போனது.

நான் டேப் ரெக்கார்டர் மெக்கானிக். இப்போது அந்த வேலையே இல்லை, மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் என்று ஓடுகிறது. 1990-ல் லாங் பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் முதலாளியிடம் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன், வட ஆற்காட்டை இரண்டாகப் பிரித்து நம் பக்கத்துக்கு அம்பேத்கர் மாவட்டம் என்று பேர் வைத்த புதிது. சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டு மருத்துவ மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியாக வந்து சில வாரம் தங்கிவிட்டுப் போவார்கள், இன்றைக்கும் வருகிறார்கள். அப்படி வந்த ஒரு வெள்ளைக்காரப் பையன், வெயிலில் மூக்கு உரிந்துபோய், ஒரு வாக்மேனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். பாட்டு இழுக்கிறது, தூக்கத்தில் பேசுகிற மாதிரி ஓடுகிறது என்று கையாலேயே காட்டினான். பெல்ட் தளர்ந்துபோயிருந்தது. நம் ஊர் மே மாசத்துக்கு ரப்பர் என்ன, மனுஷனே தளர்ந்துவிடுவான்.

பெல்ட் மாற்றிய பிறகு ஒரு சங்கடம் வந்தது. வழக்கமாக நான் ஓட்டம் சரியா என்று பார்க்க ஒரு ராஜா பாட்டைத்தான் போடுவேன், மனப்பாடம் என்பதால் ஒரு நூல் வேகம் கூடினாலும் காது சொல்லிவிடும். அன்றைக்கு அவசரத்தில், உள்ளே இருந்த அவன் கேசட்டையே ஓடவிட்டேன். பாட்டு வந்தது. அது சரியான வேகமா, தப்பான வேகமா என்று எனக்குத் தெரியவில்லை! கேட்டே இராத பாட்டு, பாடுகிறவன் ஆணா பெண்ணா என்றே பாதியில் சந்தேகம். ஒரு கிடார் மட்டும், வளையல் கடையில் தொங்குகிற சரத்துக்குள் கையை விட்டு அளைந்த மாதிரி கலகலவென்று போய்க்கொண்டே இருந்தது. முதலாளி எட்டிப் பார்த்து, "இன்னாடா இது, பெல்ட்டு சரியா உக்காரலியா?" என்றார்.

ஊரைவிட்டுப் போகும்போது அந்தப் பையன் அந்தக் கேசட்டை எனக்கே கொடுத்துவிட்டான். டி.டி.கே. கம்பெனியின் 90 நிமிஷக் கேசட். அட்டையில் நீல மையில் பொடிப்பொடியாக, பாடிய 29 குழுக்களின் பேர். அவன் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இது கடையில் வாங்கியது இல்லை, நண்பன் பதிவு பண்ணிக் கொடுத்தது, இதில் பாதிப்பேர், இங்கிலாந்தில் அவன் ஊரான பிரிஸ்டலில் ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் நடத்துகிற ரெக்கார்ட் கம்பெனிக்குப் பாடுகிறவர்கள். ஒரு வீட்டிலிருந்து இரண்டு பேர் என்றதும் எனக்கு நம் ஊர் அப்பளக் கம்பெனி ஞாபகம்தான் வந்தது.

அப்புறம் அதை மறந்தேன். மறந்தேன் என்பதைவிட மோசம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வருஷம் போகிக்குப் பரணைக் காலி பண்ணினோம். இரண்டு சாக்கு கேசட். டயர், பிளாஸ்டிக் எரிக்காதே என்று மாநகராட்சி சொல்லியிருப்பதால் எரிக்கவில்லை, பழைய சாமான்காரருக்குப் போடலாம் என்று எடுத்து வைத்தேன். பொங்கலுக்கு வந்திருந்த என் மகள்தான் அந்த அட்டையை எடுத்து, "நைனா, இது யார் கையெழுத்து? நீ இவங்கள எல்லாம் கேட்டிருக்கியா?" என்றாள். அவள் கேட்ட தொனியில், இத்தனை வருஷத்தில் முதல்தடவையாக அப்பனைப் பற்றி ஒரு மரியாதை இருந்தது. கேட்டிருக்கிறேன் என்று பொய் சொன்னேன்.

சரி, ஓடவைக்கலாம் என்று உட்கார்ந்தேன். ஓட்டிப் பார்க்க எடுத்த டெக்கில் பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்துத் துடைக்கவே ஒரு மணி நேரம். கேசட்டில் ஐந்து ஸ்க்ரூ. கழற்றினால், நாடாவை ஹெட்டோடு அணைத்துப் பிடிக்கிற அந்தக் குட்டி மெத்தைத் துண்டு பசை காய்ந்து உதிர்ந்து கிடந்தது. வேறு ஒரு கேசட்டிலிருந்து எடுத்துப் பொருத்தினேன். நாடா ஓரத்தில் லேசாக வெள்ளைப் பூஞ்சை. 90 நிமிஷக் கேசட்டில் ஏறக்குறைய 130 மீட்டர் நாடா இருக்கும், அத்தனையையும் கையால் மெல்லச் சுற்றித் துடைத்தேன். அப்புறமும் சத்தம் போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஹெட் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அதைக் கால் சுற்று திருப்பினால் ஹெட்டின் சாய்மானம் மாறும். திருப்பிக்கொண்டே இருக்கும்போது ஒரு இடத்தில் போர்வை விலகியது. அதே வளையல் கடை.

இனி, நானும் மகளும் போனை வைத்துக்கொண்டு ஒரு வாரம் துருவியதில் தெரிந்ததைச் சொல்கிறேன், உங்கள் கட்டுரையாளருக்கும் உதவும்.

1986-ல், லண்டனிலிருந்து அப்போது வந்துகொண்டிருந்த என்.எம்.இ. என்கிற இசை வாரப் பத்திரிகை, 22 குழுக்களின் பாட்டைத் தொகுத்து சி86 என்று ஒரு கேசட் போட்டது. தபாலில் பணம் அனுப்பி வாங்க வேண்டும். சி60, சி90 என்று கேசட்டின் நீளத்தைச் சொல்வோமே, அந்த சி-தான், கூட வருஷத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். அதன் முதல் பாட்டு பிரைமல் ஸ்க்ரீம் குழுவுடையது, ஒன்றரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். நாம் காபி ஆற்றி முடிப்பதற்குள் பல்லவி, சரணம் எல்லாம் ஆகிவிடுகிறது. 22-ல் ஒரு நாலைந்து எனக்குச் சகிக்கவில்லை, பாத்திரக் கடையில் பூனை புகுந்த சத்தம். மீதியில் பெரும்பாலும் இந்த கலகல கிடார். அந்தக் கேசட்டின் பேரே பிறகு அந்த வகைப் பாட்டுக்குப் பேராகிவிட்டது, அதில் இருந்த பலருக்கு அதுவே எரிச்சல். என் டி.டி.கே.யில் இருந்த 29-ல் ஐந்து அதிலிருந்து எடுத்ததுதான்.

கிடார் ஏன் அப்படிக் கேட்கிறது என்பதற்கும் காரணம் இருக்கிறது. அந்தக் கலகலவுக்கு மூலம் 12 கம்பி கிடார், அதிலும் 60-களில் ரிக்கன்பேக்கர் கம்பெனிக் கிடாரை வைத்து அமெரிக்காவின் பேர்ட்ஸ் குழு போட்ட சத்தம். ஆறு கம்பிக்குப் பதில் ஆறு ஜோடி. கீழ்ச் சுரக் கம்பிகள் நாலுக்கும் துணையாக ஒரு ஸ்தாயி மேலே இன்னொரு மெல்லிய கம்பி, மீதி இரண்டுக்கும் அதே சுரத்தில் துணை. ஜோடிக் கம்பிகள் ஒருபோதும் இம்மி பிசகாமல் ஒன்றாகச் சேராது, அந்தச் சின்ன வித்தியாசம்தான் மினுமினுக்கிறது. 12 கம்பி வாங்கக் காசில்லாதவர்கள் சாதாரணக் கிடாரையே, கரகரப்பு ஏற்றாமல், கம்பிகளைத் தனித்தனியாகத் தட்டி அதே மாதிரி வாசித்தார்கள்.

காசில்லை என்பது சும்மா சொல்லவில்லை. 80-களின் பிரிட்டனில் வேலையில்லாதவர் எண்ணிக்கை 30 லட்சத்தைத் தாண்டியிருந்தது. சொந்தத் தொழில் தொடங்குகிறவருக்கு அரசு வாரம் 40 பவுண்டு கொடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது, அதற்கு உன் கையில் ஏற்கெனவே 1000 பவுண்டு இருப்பதாகக் காட்ட வேண்டும் (இந்த மாதிரி நிபந்தனை எல்லா ஊர் அரசாங்கத்துக்கும் பொது போலிருக்கிறது). அதைப் பிடித்துக்கொண்டு ரெக்கார்ட் கம்பெனி நடத்தியவர்கள் உண்டு. பின்னாளில் ஒயாசிஸ் குழுவை உலகத்துக்குக் காட்டிய கிரியேஷன் கம்பெனிக்காரர் ஆலன் மெக்கீ அப்படி வந்தவர்தான். அதற்கும் முன்னால் 1980-ல் கிளாஸ்கோவில் போஸ்ட்கார்ட் என்று ஒரு கம்பெனி, ஒருவர் குடியிருந்த வீட்டிலிருந்தே நடந்தது, அட்டையில் மத்தளம் கொட்டுகிற பூனைக்குட்டி. அதில் முதலில் பாடிய ஆரஞ்ச் ஜூஸ் குழுவின் எட்வின் காலின்ஸுக்கு 2005-ல் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டுப் பேச்சே போய்விட்டது, திரும்ப ஒவ்வொரு சொல்லாகக் கற்று மேடை ஏறினார். ஆஸ்பத்திரி ஊர்க்காரன் என்பதால் இதைச் சொல்லாமல் விட மனசில்லை.

இப்போது அந்தப் பிரிஸ்டல் இரண்டு பேர். கிளேர் வாட், மேட் ஹேன்ஸ், கம்பெனி பேர் சாரா ரெக்கார்ட்ஸ், 1987-ல் தொடங்கினார்கள். இரண்டு பேருமே அதற்கு முன் சொந்தமாகச் சின்னப் பத்திரிகை நடத்தியவர்கள், நம் சிற்றிதழ்க்காரர்கள் மாதிரி தானே எழுதி, தானே ஒட்டி, தானே தபாலில் சேர்க்கிற ஜாதி. என்னை அசத்திய விஷயம் என்னவென்றால், அவர்கள் போட்ட தொகுப்பு ஆல்பங்களுக்கு எல்லாம் பிரிஸ்டலிலும் சுற்றிலும் இருக்கிற தெரு, பாலம், ஊர் இவற்றின் பேர்தான். கடைசித் தொகுப்பின் பேரும் ஒரு சந்தின் பேர், 'தேர் அண்ட் பேக் அகெய்ன் லேன்' என்று நிஜமாகவே அங்கே ஒரு சந்து இருக்கிறதாம். நம் ஊரில் ஒருவன் பாட்டுக் கேசட் போட்டு அதற்கு தொரப்பாடி என்றும், அடுத்ததற்கு பாகாயம் என்றும், கடைசிக்கு கிரீன் சர்க்கிள் என்றும் பேர் வைத்தால் எப்படி இருக்கும்? நான் வாங்குவேன்.

ஐம்பதாவது வெளியீடாக இசைத்தட்டுக்குப் பதில் காகிதத்தில் ஒரு விளையாட்டு, நம் டிரேட் மாதிரி, அச்சடித்து விற்றார்கள். ஓரிரு பாட்டு மட்டும் உள்ள தனித்தட்டில் வந்த பாட்டை ஆல்பத்தில் திரும்பப் போட்டு ரசிகனை இரண்டு தடவை செலவு பண்ணவைப்பது தப்பு என்று அதையும் முடிந்தவரை தவிர்த்தார்கள். நூறாவது வெளியீடு வந்ததும், 1995 ஆகஸ்டில், கடையைச் சாத்திவிட்டார்கள். நஷ்டம் வந்தோ சண்டை போட்டோ இல்லை. நூறு என்பது நல்ல எண், போதும் என்று. பர்மிங்காம் பக்கத்து லாரன்ஸ் என்பவரும் அப்படித்தான், ஃபெல்ட் என்ற அவர் குழு பத்து வருஷத்தில் பத்து ஆல்பம், பத்துத் தனித்தட்டு போட்டுவிட்டு 1989-ல் நிறுத்திக்கொண்டது. பெர்கன்ஹெட் ஊரின் ஹாஃப் மேன் ஹாஃப் பிஸ்கட் என்ற குழுவை டி.வி. நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது, அன்றைக்கு ராத்திரி எங்கள் ஊர் டிரான்மியர் ரோவர்ஸ் அணிக்கு ஃபுட்பால் மேட்ச் இருக்கிறது, வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

உங்கள் கட்டுரையில் கடைசியில், பெரிய கம்பெனி தூக்கிவிடாத பாட்டு தானாகவே செத்துவிடும் என்று ஒரு வரி வருகிறது. அந்த வரிக்குத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். இவர்கள் ஓட்டப் பந்தயத்தில் தோற்றவர்கள் இல்லை, பந்தயத்துக்கே போகாதவர்கள். இந்த ரகப் பாட்டை இண்டி என்பார்கள், இண்டிபெண்டன்ட் என்பதன் சுருக்கம். அந்தச் சொல்லே அங்கே முதலில் பாட்டின் ரகத்தைக் குறித்தது இல்லை. பெரிய கம்பெனிகளின் லாரியில் ஏறாமல், தனி விநியோகத்தில் கடைக்குப் போன தட்டு என்றுதான் அர்த்தம். அவற்றுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் 1980 ஜனவரியிலிருந்தே வந்தது. அந்த விநியோகத்தின் முதுகெலும்பாக இருந்த ரஃப் டிரேட் 1991-ல் படுத்தபோது பலபேரின் பணம் அதோடு போனது, அது வேறு கதை.

கம்பெனி தூக்கிவிடாத பாட்டு எப்படிப் பரவியது? ஒன்று, ஜான் பீல். பி.பி.சி. ரேடியோ 1-ல் 1967-லிருந்து 2004-ல் இறக்கும்வரை ராத்திரி நேரத்தில் இவர்களை எல்லாம் போட்டுக்கொண்டே இருந்த மனுஷன். ஊர்பேர் தெரியாத பையன்கள் அனுப்புகிற கேசட்டைக் கேட்டு, ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டு, ஒரே நாளில் நாலு பாட்டுப் பதிவு பண்ணி ஒலிபரப்புவார்கள். பி.பி.சி. என்றால் நமக்குத் தமிழோசைதான், இப்படி ஒருத்தர் அதே பி.பி.சி.யில் இருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. இன்னொன்று, ஒருத்தன் இன்னொருத்தனுக்குக் கேசட் பதிவு பண்ணிக் கொடுப்பது. அதற்குக் கம்பெனியும் வேண்டாம், லாரியும் வேண்டாம். அப்படி ஒரு நண்பன் உட்கார்ந்து 29 பாட்டைப் பொறுக்கிப் போட்டதால்தான் அது பிரிஸ்டலிலிருந்து காட்பாடி ஜங்ஷனில் இறங்கியது.

என் வீட்டம்மா இதைக் கேட்டுவிட்டு, "இவங்களுக்குச் சுருதியே சேரலியே" என்றாள். பாதி நிஜம். சாரா கம்பெனியின் ஃபீல்ட் மைஸ் குழுவில் தொடக்கத்தில் இரண்டே பேர், தாளத்துக்கு ஒரு மெஷின், பாடுகிறவர் பக்கத்து அறையில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பது போலப் பாடுவார். சுருதி சுத்தமாகச் சேர்த்து அதையே ஒரு பெரிய பாடகர் பாடியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது என்றுதான் தோன்றுகிறது. இவர்களை அங்கேயே குழந்தைத்தனம் என்று கிண்டல் பண்ணியிருக்கிறார்கள், அதிலும் பெண்கள் பாடினால் கூடுதலாக. அப்படிக் கிண்டலுக்கு ஆளான டலூலா காஷ், ஹெவன்லி குழுக்களின் அமிலியா ஃப்ளெச்சர் யார் தெரியுமா? பொருளாதார நிபுணர். பெரிய நிறுவனங்கள் சந்தையை மடக்கிப் போடாமல் பார்த்துக்கொள்கிற பிரிட்டிஷ் அரசு அலுவலகத்தில் தலைமைப் பொருளாதார நிபுணராக இருந்தவர், பிறகு பல்கலைக்கழகப் பேராசிரியர். வீட்டிலிருந்து நடந்த கம்பெனிக்குப் பாடிவிட்டு அந்த வேலைக்குப் போனது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன். அந்தக் கேசட்டின் மேல்விளிம்பில் இரண்டு சின்னத் தகடு உண்டு, உடைத்துவிட்டால் மேலே பதிவு பண்ண முடியாது. எத்தனையோ வாடிக்கையாளருக்கு உடைத்துக் கொடுத்தவன் நான். இதை உடைக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். யாருக்கும் வேண்டாத கேசட்தானே என்று கடையில் ரெக்கார்டிங் ஹெட் வேலை செய்கிறதா என்று பார்க்கிற சோதனைக் கேசட்டாக அதை வைத்துக்கொண்டேன். பி பக்கத்தின் கடைசியில் பாட்டு திடீரென்று வெட்டுப்பட்டு, 25 வயசு நான் பேசுகிறேன். "அலோ, அலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு." பின்னால் பஸ் ஹாரன். திரும்பவும் "அலோ". முதலாளி யாரிடமோ டீயில் சக்கரை கம்மியா போடச் சொல்றா என்கிறார், அவர் காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூன்று பாட்டு இப்படிப் போயிருக்கிறது, அழிகிற ஹெட் அழித்ததை எந்த மெக்கானிக்காலும் திரும்பக் கொண்டுவர முடியாது. மகளுக்கு அந்தக் கேசட்டிலேயே பிடித்தது இந்த இடம்தான், அதை மட்டும் போனில் பதிவு பண்ணிக்கொண்டு போயிருக்கிறாள்.

அந்த மூன்றில் கடைசிப் பேர் அட்டையில் சீ அர்ச்சின்ஸ் என்று இருக்கிறது. தேடினால், சாரா கம்பெனியின் முதலாவது வெளியீடே அவர்களுடையதுதான், 1987. போனில் முழுசாகவே கிடைக்கிறது, இப்போது தினமும் ஒரு தடவையாவது கேட்கிறேன். நடுவில் ஒரு இடம் வரும்போது மட்டும், இப்போது "அலோ" வரப்போகிறது என்று காது தானாகக் காத்திருக்கிறது.

இந்தக் கடிதத்தை நீங்கள் போடுவதாக இருந்தால் ஒரு சின்ன வேண்டுகோளையும் சேர்த்துப் போடுங்கள். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் யார் வீட்டிலாவது, முக்கியமாக ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜ் நடத்தியவர்கள், வாடகைக்கு அறை விட்டவர்கள் வீட்டில், ஆங்கிலத்தில் கையால் எழுதின கேசட் கிடந்தால் பழைய சாமான்காரருக்குப் போடும் முன் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் என்னிடம் கொண்டுவரலாம். பெல்ட்டுக்கு ஆகிற காசு மட்டும் போதும், கேட்டு முடிக்கும்வரை நானும் உட்கார்ந்திருப்பேன், அதற்கு மட்டும் சம்மதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
டேப் ரெக்கார்டர் மெக்கானிக் (மிக்ஸி, ஃபேனும் பார்க்கப்படும்),
சத்துவாச்சாரி, வேலூர் - 9